பந்திங்குக்கு அந்த ஆறு போத்தலைக் கொண்டு போகாதே

தம்பி,

நீ நலமா, சாப்பிட்டாயா என்று தொடங்கப் போவதில்லை. நேற்றுச் சாயங்காலம்தான் போனில் இருபது நிமிடம் பேசினோம். மதியம் வாழையிலைச் சாப்பாட்டில் நண்டு சின்னதாக இருந்தது என்பது வரைக்கும் சொல்லிவிட்டாய். வைப்பதற்கு முன்னால் கடைசியாக ஒன்று சொன்னாயே, அதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். "அப்பா, இங்க பிரிக்பீல்ட்ஸ் மருந்துக் கடையில ஆறு போத்தல் அரிஷ்டம் வாங்கி வெச்சிட்டேன். ஞாயித்துக்கிழமை பந்திங் போய்க் கவிதா அப்பாகிட்ட குடுக்கப் போறேன். நீங்களும் வாங்கப்பா. உங்க வாயால சொன்னாதான் அவரு நம்புவாரு" என்றாய். நானும் "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த கையோடு எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து உன் அம்மா ஓடிவந்து என் வாயில் ஒரு மிட்டாயைத் திணித்தாள்.

தம்பி, அந்த ஆறு போத்தலைக் கொண்டு போகாதே. ஆபீஸ் அவசரத்தில் மீதியைப் படிக்க முடியாவிட்டாலும் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள். காரணத்தை மெதுவாகத்தான் சொல்வேன். முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவனுக்கு எதையும் முதல் படியிலிருந்துதான் சொல்ல வரும். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் என் வாய் உனக்குத் தெரியும். நல்ல சேதியோ கெட்ட சேதியோ, அது கேலியாகத்தான் வெளியே வரும். நீ சிரிப்பாய், நானும் சிரிப்பேன், விஷயம் அப்படியே உள்ளே தங்கிவிடும். வியாழக்கிழமை உன் அம்மா ரவிக்கை வாங்க பிரிக்பீல்ட்ஸ் வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவளுக்கு எல்லாம் நேற்றே சொல்லியாகிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முயற்சி செய்யாதே, அவள் இரண்டு கட்டுப் பூவையும் தையல்காரியையும் பற்றி மட்டும்தான் பேசுவாள்.

உன் நிச்சயதார்த்தத்திலிருந்து தொடங்குகிறேன். பந்திங்கில் கவிதா வீட்டு வாசலில் பந்தல், எண்பது பேர், வெயில். சம்பந்தி என்னைக் கண்டதும் "வாங்க சம்பந்தி, லோரியப் பாக்கலாம்" என்று கூப்பிட்டார். செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியில் பார்க்க என்ன இருக்கிறது? லோரிக்குப் பின்னால் இருந்தது. அரை மணி நேரம் பார்த்தோம். திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தபோது குருக்கள், சம்பந்திகள் தாம்பூலத் தட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றார். நான் கொடுத்தேன், அவர் வாங்கினார், அவர் தட்டை நான் வாங்கினேன். அதோடு முடிந்திருக்க வேண்டும். அவருக்கு மரியாதை அதிகம். "இல்ல சம்பந்தி, நீங்க மாப்பிள்ள வீடு, நீங்கதான் மொதல்ல வாங்கணும்" என்று மறுபடி நீட்டினார். எனக்கு மட்டும் மரியாதை குறைவா? நானும் நீட்டினேன். இப்படி ஐந்து சுற்று. வாழைப்பழம் கீழே விழுந்தது, தேங்காய் உருண்டு மேளக்காரர் காலடிக்குப் போனது. கடைசியில் குருக்கள் "ரெண்டு பேரும் தட்டக் கீழ வைங்க" என்று அதட்டியபோது, அவர் தட்டு அவரிடமும் என் தட்டு என்னிடமும் இருந்தன. சாஸ்திரப்படி பார்த்தால் உனக்கு அன்றைக்கு நிச்சயமே ஆகவில்லை.

எண்பது பேரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் இரண்டு பேர்தான், நீயும் கவிதாவும். உன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் கவிதா நேரே எங்கள் முன்னால் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "அப்பா, மாமா, ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. இன்னையிலருந்து உங்கள்ல யாரு ஒரு சொட்டுத் தொட்டாலும் எனக்குக் கல்யாணம் வேணாம். வேணும்னா இப்பவே சொல்லிடுங்க, பந்தலப் பிரிச்சிடலாம்" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தோம். ஒரே சூடத்தின் மேல் ஒரே நேரத்தில் கை வைத்ததில் அவர் கையில் நான் அடித்து, சூடம் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் தடவைதான் அணைந்தது. அந்தப் பெண்ணை நீ தேடிப் பிடித்ததற்கு நான் உன்னை இதுவரை பாராட்டியதில்லை. இப்போது பாராட்டுகிறேன்.

நிறுத்துவது எனக்குப் புதிது இல்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் நாற்பத்தெட்டு நாள் நிறுத்துகிறவன்தான். பத்துமலையிலிருந்து இறங்கி வந்த மறுநாள் நான் எங்கே இருப்பேன் என்று நம் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். அது நிறுத்துவது இல்லை, காத்திருப்பது. நாள்காட்டியில் ஒரு தேதி இருந்தால் எந்தக் குடிகாரனும் காத்திருப்பான். இந்தத் தடவை தேதி இல்லை. முதல் சில நாள் கை நடுங்கியது, தூக்கம் போனது. அப்படி ஒரேயடியாக, யாரையும் கேட்காமல் நிறுத்தியதே ஆபத்து என்று பின்னால் டாக்டரிடம் திட்டு வாங்கினேன். மூன்றாவது வாரத்தில் நடுக்கம் நின்றது. அதற்கப்புறம்தான் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

அதை எப்படிச் சொல்வது? ஒன்றும் வலிக்கவில்லை. ஒன்றும் பிடிக்கவும் இல்லை. நீயே பார்த்தாய், அணைத்து வைத்த டிவியின் முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பேன். குளிக்கப் போக வேண்டும் என்று காலையில் நினைத்தால் மாலையில்தான் எழுந்திருப்பேன். மீன் தலைக் கறியை முன்னால் வைத்தால் அந்த மீனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம். "குடிச்சப்பவாச்சும் பாடுவீங்க, இப்ப அதுவும் இல்ல" என்று உன் அம்மா ஒருநாள் சொல்லிவிட்டு, சொன்னதற்காக அவளே அழுதாள். குடியை விட்ட மனிதனுக்குக் குடும்பமே மாலை போடும், அவனும் சந்தோஷமாக இருப்பான் என்று நான் நினைத்திருந்தேன். எனக்குச் சந்தோஷம் வரவே இல்லை தம்பி. அது எனக்குப் பயமாக இருந்தது, யாரிடமும் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

அப்போதுதான் வீட்டுக்குள் இலை வர ஆரம்பித்தது. உன் அம்மா கல்லீரலில் இருந்து தொடங்கினாள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து காலையில் வெறும் வயிற்றில். எனக்குச் சோர்வு மனத்தில், கல்லீரலில் இல்லை என்று சொன்னேன். "எல்லாம் ஒரே உடம்புலதான இருக்கு" என்றாள். அவளுடைய வைத்திய அனுபவம் பழையது. உனக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். பல்கலைக்கழக ஹாஸ்டலிலிருந்து ஒரு தடவை நீ வந்து, மீன் கறி சாப்பிட்டு இரண்டு நாள் வாந்தி எடுத்தாயே, அது கெட்டுப்போன மீன் இல்லை. குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்தால் குடியை மறந்துவிடுவார் என்று யாரோ கொடுத்த பொடி. என் தட்டில் போட்டு வைத்திருந்தாள். உனக்குப் பசி, என் தட்டை இழுத்துக்கொண்டாய். வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத நீ கக்கினாய், நான் கடைத்தெருவில் நன்றாக இருந்தேன். அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று இன்றுவரை அவளுக்கும் தெரியாது. 

பிறகு நீ வல்லாரைப் பொடி வாங்கி வந்தாய். அடுத்த நாளே பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கக் யா ஒரு தட்டு நிறையப் பச்சை இலையைக் கொண்டு வந்து, "அன்னே, இது பெகாகா. மூளைக்கு நல்லது, மனசுக்கு நல்லது" என்று மலாயில் சொல்லிக் கொடுத்தாள். இரண்டும் ஒரே இலை. இதை நான் உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நம்முடையது மருந்தாம், கக் யா கொடுத்தது உலாமாம், சோற்றோடு கடித்துத் தின்னும் பச்சைக் கீரையாம். ஆகவே பொடியைத் தேனிலும் இலையைச் சம்பாலிலுமாக இரண்டு வேளை ஒரே செடியைத் தின்றேன். இது தவிர துளசித் தண்ணீர், அமுக்கராக் கிழங்குப் பொடி போட்ட பால். மூன்று மாதம் என் முன்னால் வராத இலை இல்லை. ஒரு ஆட்டைக் கட்டிப் போட்டு வளர்ப்பதுபோல் என்னை வளர்த்தீர்கள். ஆட்டுக்காவது சந்தோஷம் வந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை நீ கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கி, பையிலிருந்து பழுப்பு நிறப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாய். அமுக்கரா அரிஷ்டம். "கடைக்கார அண்ணன் சொன்னாருப்பா, பொடியவிட இது சீக்கிரம் வேலை செய்யுமாம். சாப்பாட்டுக்கப்புறம் ரெண்டு மூடி, தண்ணி கலந்து" என்றாய். போத்தல் மூடியில் அளந்து நீயே ஊற்றிக் கொடுத்தாய். நான் வாய்க்குக் கிட்டே கொண்டு போனேன்.

என் மூக்கு முப்பத்து மூன்று வருடம் ஆய்வகத்தில் வேலை பார்த்த மூக்கு. கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தப் போத்தலில் என்ன என்று சொல்லிவிடும். அதுபோக, மாலை நேரங்களில் அதற்குத் தனிப் பயிற்சியும் உண்டு. அந்த மூடி உதட்டில் படும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ போனபிறகு பூதக்கண்ணாடி வைத்து லேபிளைப் படித்தேன். கீழே, எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில் ஆல்கஹால் என்று போட்டிருந்தது. கடைக்காரர் மேல் தப்பு இல்லை, செய்தவர்கள் மேலும் இல்லை. கஷாயத்தில் வெல்லம் போட்டு மாதக்கணக்கில் புளிக்கவிட்டால்தான் அரிஷ்டம். புளித்தால் சாராயம் தானாகவே ஊறும், கொஞ்சம்தான். இரண்டு மூடி குடிக்கிறவனுக்கு அது மருந்து. சத்தியம் செய்து சூடத்தை அணைத்தவனுக்கு அது மருந்து இல்லை. அந்த ராத்திரியே உனக்குப் போன் செய்து, "தம்பி, இதுல அது இருக்கு" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. பதிலாக, மூடி என்று நீ சொன்னது எந்த மூடி என்பதை என் வசதிக்கு மாற்றிக்கொண்டேன். நம் வீட்டு வெந்நீர் பிளாஸ்க்குக்கும் ஒரு மூடி இருக்கிறது.

இரண்டு வாரத்தில் நான் ஆளே மாறிவிட்டேன். சாப்பிட்டேன், குளித்தேன், பழைய பாட்டுப் பாடினேன். நீ அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் இரண்டு இரண்டாகக் கொண்டு வந்தாய். ஒருநாள் நான் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது நீ அடுப்படிக்குப் போய் உன் அம்மாவிடம், "அம்மா, அப்பா திரும்பி வந்துட்டாரும்மா" என்று மெதுவாகச் சொன்னாய். நான் கேட்டுவிட்டேன். உன் குரல் உடைந்திருந்தது. அதைக் கேட்டபிறகு எந்த வாயால் சொல்வேன்? திரும்பி வந்தது யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பழைய ஆள்தான், மூலிகை வேஷம் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

இப்படி இரண்டரை மாதம் ஓடியது. அப்போதுதான் கக் யா வேலிப் பக்கம் வந்தாள். அவள் கணவர் ஓய்வு பெற்றதிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பேச்சே இல்லாமல் இருக்கிறாராம். "அன்னே, உங்களுக்கு அந்த மருந்து எவ்வளவு நல்லா வேலை செய்யுது, நான்தான் பாக்குறேனே. சத்து போத்தோல் சாஜா லா" என்று ஒரு போத்தல் கேட்டாள். உன் அம்மா உள்ளேயிருந்து எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள். நான் எழுந்து அதைப் பிடுங்கினேன். முன்பு மூன்று மாதம் எழுந்திருக்காத அதே சோபாவிலிருந்து அவ்வளவு வேகமாக நான் எழுந்ததை இரண்டு பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். இருபத்தைந்து வருடமாக ஹரிராயாப் பெருநாளுக்கு ரெண்டாங் கறியும் கெத்துப்பாட் சோறும் கொடுத்த பெண், ஒரு போத்தல் மருந்துக்கு நான் கஞ்சத்தனம் பண்ணுகிறேன் என்று நினைத்தாள். முகம் வாடிவிட்டது. உன் அம்மா கோபத்தோடு உள்ளே போனதும், நான் வேலிக்குக் கிட்டே போய், "கக், இதுல ஆராக் இருக்கு. உங்க வீட்டுக்கு இது ஆகாது" என்று சொல்லிவிட்டேன்.

அவள் போத்தலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பாடியதும் சிரித்ததும் எல்லாம் அவள் கண்ணில் ஒவ்வொன்றாக ஓடுவது எனக்குத் தெரிந்தது. திட்டவில்லை. "அனாக் தாஹு தாக்?" என்று மட்டும் கேட்டாள். உங்கள் மகனுக்குத் தெரியுமா என்று. நான் போத்தலின் மூடியைத் திருகி இறுக்கினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். சிறிது நேரம் கழித்து, வழக்கம்போலப் பெகாகாத் தட்டை வேலி மேல் வைத்துவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டுக்காரர் மார்க்கம் கெடக்கூடாது என்று ஒரு நொடியில் உண்மையைச் சொன்னவன், சொந்த மகனிடம் இரண்டரை மாதம் சொல்லவில்லை. என் சத்தியம் கெட்டதைப் பற்றி எனக்குக் கவலையே இருந்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது.

மறுநாள் காலை வீட்டிலிருந்த எல்லா மருந்தையும் சந்தைக்குப் போகும் பாசார் பையில் போட்டுக்கொண்டு கிள்ளானில் நான் சர்க்கரைக்குப் போகும் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் நம் தமிழ்ப் பெண், உன்னைவிட இரண்டு வயது குறைவாகத்தான் இருப்பார். "அங்கிள், குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். உண்மை சொல்லத்தான் போயிருந்தேன், ஆனால் வாய் பழக்க தோஷத்தில் "இல்லம்மா" என்றது. பிறகு பையைக் கவிழ்த்தேன். மேசையில் இடம் போதவில்லை. அவர் போத்தலைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இது எவ்வளவு எடுத்துக்கிறீங்க?"

"சாப்பாட்டுக்கப்புறம் ரெண்டு மூடிம்மா."

"எந்த மூடி?"

"பிளாஸ்க் மூடி."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். சிரிப்பை அடக்கினாரா, கோபத்தை அடக்கினாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பிறகு நிதானமாகப் பேசினார். "குடியால வந்த சோர்வுக்கு அந்தக் குடியவே மூலிகையோட சேத்துக் குடிச்சிருக்கீங்க அங்கிள். அமுக்கரா, வல்லாரையெல்லாம் மனசுக்கு உதவுமான்னு ஆராய்ச்சி நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. உதவலாம். ஆனா உங்க மாதிரி ஆளுக்கு இதுதான் மருந்துன்னு உறுதியா சொல்ற அளவுக்கு இன்னும் வரல. சிலருக்கு அமுக்கராவே கல்லீரலக் கெடுக்கும். சில மூலிகை நான் குடுக்கிற மாத்திரையோட சேராது. மூலிகை வேணாம்னு நான் சொல்லல. எனக்குத் தெரியாம வேணாம்" என்றார். மூன்று மாதம் சும்மா உட்கார்ந்திருந்தேனே, அது என்ன என்று கேட்டேன். சோம்பேறித்தனம், நன்றி கெட்ட குணம், இப்படி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அது நோய் அங்கிள்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாக வேண்டும் என்று தோன்றியதா என்றும் கேட்டார். பதில் சொன்னேன். அந்தப் பதிலை எழுத மாட்டேன், நேரில் நீ கேட்டால் சொல்கிறேன்.

இன்றோடு நாற்பத்தொரு நாள். முதல் தடவைபோல இல்லாமல் டாக்டர் கண்காணிப்பில்தான் நிறுத்தினேன். இரவில் ஒரு மாத்திரை. புதன்கிழமை காலையில் கிளினிக் மாடியில் ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறோம். அதில் ஒரு சீன அங்கிள் ஜின்செங்கை ஊறப்போட்டே ஒரு கடையைக் காலி பண்ணியவர். எங்கள் வட்டத்தில் இலை, வேர், கிழங்கு பற்றித் தெரியாதவர் எவரும் இல்லை, ஒரு மூலிகைத் தோட்டமே வைக்கலாம். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் குளிக்க நினைத்தால் காலையிலேயே குளிக்கிறேன். போன வாரம் மீன் தலையில் கண்ணைக்கூட விடவில்லை.

நீ கேட்பாய், இந்த நாற்பத்தொரு நாளிலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் உன் கையாலேயே ஊற்றிக் கொடுத்த அரிஷ்டம் எங்கே போனது என்று. அது கோப்பி ஓ, தம்பி, பால் விடாத கறுப்புக் கோப்பி. கட்டியாகப் போட்டு, வெல்லம் கலந்து, ஆறவைத்துப் போத்தலில் ஊற்றி வைப்பேன். நீ அளந்து கொடுப்பாய், நான் முகத்தைச் சுளித்துக் குடிப்பேன். நிஜ அரிஷ்டமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கால்வாயில் போனது. அந்தக் கால்வாய்க்கு இப்போது மனச்சோர்வே கிடையாது. கடவுள் புண்ணியத்தில் குடிக்காமல் இருந்தபோதும் உன்னிடம் பொய்தான் சொன்னேன். நீ அலைந்து வாங்கி வந்ததை வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாயே. அதற்குப் பயந்து கோப்பி குடித்தேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்தப் போத்தலை என் கையில் கொடுத்து, வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாயே, "எங்கப்பாவப் பாருங்க" என்று, அதில் நான் புகழ்ந்து தள்ளியது கோப்பி ஓவை. எல்லாரும் கும்பிட்ட கைப் படம் போட்டார்கள். காஜாங் சித்தி எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். உன் அம்மாவிடம் நேற்று இதைச் சொன்னபோது அவள் முதலில் சொன்னது, "அதான பாத்தேன், கோப்பித்தூள் ஏன் இப்படித் தீருதுன்னு." அதற்கப்புறம் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரமெல்லாம் தேய்த்தாள். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இப்போது அந்த வீடியோவை நம்பித்தான் நீ பந்திங் போகிறாய். சம்பந்தியை நினைத்துப் பார். ஏழு மாதமாக அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. கோழிக் கொட்டகைப் பக்கம் நாற்காலியைப் போட்டு நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார் என்று கவிதா சொன்னதாகச் சொன்னாய். எனக்கு அந்த நாற்காலி தெரியும். அவர் மகள் சொன்ன ஒரு வார்த்தைக்காக இலைகூட இல்லாமல் அதில் உட்கார்ந்திருக்கிறார். என்னைவிட நல்ல மனிதர். அவர் மூக்குக்கு என் மூக்கின் பயிற்சி இல்லாமல் இருக்கலாம், ஆனால் நாக்குக்கு நிச்சயம் தெரியும். ஆறு போத்தலோடு நீ போனால், கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மாப்பிள்ளை கையால் அவர் சத்தியம் கெடும். கெட்டது அவருக்கு மட்டும் தெரியும். என்னைப்போலவே அதைச் சொல்ல முடியாமல் சிரித்துக்கொண்டு தாரை வார்ப்பார்.

ஆகவே போத்தலை விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போ. நான் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருகிறேன். டாக்டரிடம் போக வேண்டும் என்று நீ சொன்னால் அவர் கேட்க மாட்டார். பிளாஸ்க் மூடிக்காரன் சொன்னால் கேட்பார். கவிதாவிடமும் நானே சொல்கிறேன், அவள் அப்பா முன்னாலேயே. அவள் அன்று போட்ட நிபந்தனையை நான் உடைத்திருக்கிறேன். உடைத்துவிட்டுத் தெரியாததுபோல் மணவறையில் உட்கார முடியாது. அவள் கல்யாணத்தை நிறுத்துவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நிறுத்தினால் அதற்கு நான்தான் காரணம், அவளைக் குற்றம் சொல்லாதே. எனக்காக அவளிடம் மறைக்கலாம் என்று மட்டும் நினைக்காதே. அப்பாவைக் காப்பாற்றுவதாக நினைத்துப் புதுக் குடித்தனத்தை ஒரு பொய்யோடு தொடங்கினால், நீங்கள் குடிபோகப் போகும் செமினி வீட்டில் பால் காய்ச்சும் முன்பே அது குடியேறிவிடும். நம் வீட்டில் உன் அம்மா எனக்குத் தெரியாமல் பொடி கலந்தாள், நான் அவளுக்குத் தெரியாமல் கோப்பி கலந்தேன். இரண்டு பேருக்கும் ஆசை நல்லதுதான். சிரிக்கிறோமே தவிர, நடுவில் வாந்தி எடுத்தது நீதான்.

இதைப் படித்து முடிக்கும்போது உனக்குக் கோபம் வரும். வரட்டும். போனில் திட்டாதே, சனிக்கிழமை வீட்டுக்கு வா. உன் பதினாறு வயதிலிருந்து நீ என்னைத் திட்டியிருக்கிறாய், அழுதுகொண்டே திட்டியிருக்கிறாய் என்று உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் நான் எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் "ஸ்கூலுக்குப் போகலயா?" என்று கேட்பேனாம். நீ பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போவாயாம். அத்தனை வருடம் நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூட என்னிடம் இல்லை. சனிக்கிழமை வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல். நான் எதிரில் உட்கார்ந்து கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் எனக்கு அத்தனையும் ஞாபகம் இருக்கும்.

உன் அப்பா